பிரேக் பிடிங்க அத்தான்

எனக்க மாப்பிள்ளைக்க பேரு ஷாஜன். வீட்டுல நான் அத்தான்னு தான் விளிப்பேன், வாங்க போங்கன்னு மரியாதையா பேசுவேன். இங்க அவன்னு தான் சொல்லப்போறேன். பிடிக்காதவிய எந்திச்சுப் போலாம், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.

கல்யாணம் முடிஞ்ச அந்த வாரமே மறுவீடு வச்சாவ. எங்க வீடு அருமனையில, ரப்பர் தோட்டத்துக்குள்ள. மறுவீட்டுக்கு வார புது மாப்பிள்ளைய எங்க பக்கம் மச்சினன்மாரு சும்மா விட மாட்டானுவ. சாயாவுல உப்பப் போடுவானுவ, உக்காருற பாய்க்கடியில பப்படத்த வைப்பானுவ, செருப்ப எடுத்து ஒளிப்பானுவ. மாப்பிள்ளை பல்லக் காட்டிட்டு எல்லாத்தையும் வாங்கிக்கிடணும், அதுதான் முறை. எனக்க அப்பா நேசையனுக்கு அவருக்க மறுவீட்டுல பச்சமிளகா திணிச்ச வடை கிடைச்சுதாம். இப்பவும் அதச் சொல்லி கண்ணுல தண்ணி வர சிரிப்பாரு.

எனக்க தம்பி பெபினும், சித்தப்பா மகன் அஜினும் இந்தப் பப்படம், உப்பு எல்லாம் பழசுன்னு முடிவு பண்ணிட்டானுவ. ரெண்டும் இஞ்சினியரிங் படிச்சிட்டு சும்மா இருக்குற மூதிய. வேற என்ன யோசனை வரும்.

எங்க மாடி ரூம்புல ஒரு ரேஸ் செட்டு உண்டு. ஒரு ஸ்டீயரிங், காலுக்கு பெடலு, பழைய கார் சீட்டு ஒண்ணு, முன்னால பெரிய டிவி. எல்லாரும் பெபினுக்க செட்டுன்னு சொல்லுவாவ. வாங்கினது நான். மார்த்தாண்டத்துல லேப்ல வேலை பாத்த சம்பளத்துல வாங்கினேன். அதுல எங்க வீட்டுல வேகமா ஓட்டுறதும் நான் தான், பெபின் ரெண்டாமது. ஆனா பெண்ணு பாக்க வந்தப்போ எங்கம்மா என்ன சொன்னா தெரியுமா? பிள்ளை கொயர்ல பாடும், தைக்கும், அதிகம் பேசாதுன்னு. ரேஸ் விடும்னு எவளாவது சொல்லுவாளா.

ஆனா அண்ணைக்கு அவனே அந்தப் பேச்ச எடுத்தான். அதே கேமத் தான் அவனும் ஆடுறதாவும், கொச்சியில ஒரு போட்டியில முதலா வந்ததாவும், ஆன்லைன்ல அவனுக்கு பெரிய ராங்க் உண்டுன்னும் சொன்னான். திருவனந்தபுரத்துல கம்பெனி வேலை, நல்ல சட்டை, மெதுவான பேச்சு. எங்கப்பா மயங்கிப்போனாரு. பெபின் மட்டும் காத தீட்டி வச்சுக்கிட்டான்.

உங்களுக்கு வெளங்குறதுக்கு பிரேக்கப் பத்தி கொஞ்சம் சொல்லணும். இந்த கேம்ல ஜெயிக்கது ஆக்ஸிலேட்டர்ல இல்ல. எந்தக் கோட்டிக்காரனும் வேகமா போவான். வளைவு வரும்போ எவன் கடைசி வரைக்கும் பொறுத்திருந்து, டயர் பூட்டாம வேகத்தக் கொறைக்கானோ அவனுக்கு தான் ரேஸ். டயர் பூட்டிச்சுன்னா, அதாவது சுத்தாம நிண்ணு இழுபட்டுதுன்னா, ஸ்டீயரிங்க எங்க திருப்பினாலும் காரு நேரா தான் போவும். செட்டு வந்த புதுசுல பிரேக் பெடலு சொதசொதன்னு கிடந்துச்சு. எவ்வளவு மிதிச்சா எவ்வளவு பிடிக்கும்னு காலுக்குப் பிடி கிடைக்காது. நான் அப்பா காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட்ட வெட்டி, துண்டு துண்டா அடுக்கி ஒட்டி, பெடலுக்க அடியில வச்சேன். வாரக்கணக்கா அதே வேலை. கனம் கூடினா கொறச்சேன், கொறஞ்சா கூட்டினேன். பொறவு காலுக்க பலத்துக்குத் தக்க பிரேக் பிடிச்சுது. செட்டிங்குல பிரேக்குக்க பலத்தக் கொறச்சேன். முன் வீலுக்கு எவ்வளவு, பின் வீலுக்கு எவ்வளவுன்னு பிரேக்க பங்கு வைக்க ஒரு இடம் உண்டு, அத கொஞ்சம் முன்பக்கம் தள்ளினேன். பின்பக்கம் வெட்டிச் சுத்துறது நிண்ணுது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரல்ல.

மறுவீட்டு அண்ணைக்கு காலையில நான் மாடிக்கு ஏறிப்போனா, ரெண்டு எளவும் தரையில கமந்து கிடந்து அந்த ரப்பரப் பிடுங்கியானுவ. பிரேக்குக்க பலத்த முழுசா கூட்டி, பங்க பின் வீலுக்கு தள்ளி, டயர் பூட்டாம காக்குற ஏபிஎஸ்ஸையும் அணைச்சு வச்சாச்சு.

"கொச்சியில ஜெயிச்சவருல்லா," பெபின் சொன்னான். "ஒரு வளைவு திரும்பட்டும், பாப்போம்."

எனக்கும் சிரிப்பு வந்துச்சு. வரத்தான் செய்யும். பொறவு எங்க கல்யாணப் போட்டோக்காரன நினைச்சேன், சிரிப்பு நிண்ணுது.

கல்யாணத்து அண்ணைக்கு மேடையில அந்தப் போட்டோக்காரன், "சார், தாடைக்கு கீழ ரெண்டா மடியுது, கொஞ்சம் நிமிருங்க"ன்னு சொல்லிட்டான். பெண்ணு வீட்டுக்காரங்க சிரிச்சாவ. ஷாஜனும் சிரிச்சான். மறுநாள் அந்த மனுசன் நெய்யூர்ல மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தப்போ, சாப்பிட்டுட்டு தான் போவணும்னு ஷாஜன் கையப் பிடிச்சு வராந்தாவுல உக்கார வச்சான். உள்ள வந்து நாங்க எல்லாரும் சாப்பிட்டோம். பிரியாணி மணம் வெளிய போவும், மனுசன் எட்டி எட்டிப் பாப்பான். எந்திக்கும்போ எல்லாம் இவன் போய், "இரிங்க அண்ணா, இப்ப ஆயிரும்"ன்னு சிரிச்சுக்கிட்டே தோள அமத்துவான். வெயில் தாழ்ந்த பொறவு வெறும் வயித்தோட அனுப்பிட்டு கதவடைச்சான். "இப்ப அவனுக்கும் தாடை கொறஞ்சிருக்கும்"னு எங்கிட்ட சொன்னான். சத்தம் போடல்ல, ஏசல்ல. அதப் பாத்தப்பதான் எனக்குப் பயமாச்சு.

அதனால பெபின் கையப் பிடிச்சுச் சொன்னேன். "வேண்டாம் மக்கா. இவரு அந்த மாதிரி ஆளு இல்ல. சாயாவுல உப்பப் போட்டுட்டு விட்டுரு."

"போ எக்கா. கல்யாணம் ஆகி ஒரு வாரம் ஆவல்ல, அதுக்குள்ள புருசனுக்கு வக்காலத்தா?"

அவன நான் அறைஞ்சிருக்கணும். வீடு நிறைய ஆளு, அறையல்ல.

சோறு முடிஞ்சு எல்லாரும் மாடிக்கு ஏறினாவ. அம்மா ஜெபகனியிலேருந்து அத்தைமாரு, மாமாமாரு வரைக்கும் ரூம்பு நிறைஞ்சுது. ஷாஜன் கைச்சட்டைய மடிச்சு விட்டுட்டு சீட்டுல உக்காந்தான். அவன் வீட்டுல கையில பிடிச்சு பட்டன் அமத்துற கன்ட்ரோலருல விளையாடி பழகினவன், அதுவும் ஏபிஎஸ் மாதிரி எல்லா உதவியும் போட்டு வச்சு. பெடலு அவனுக்குப் புதுசு. முத வளைவுல மிதிச்சான். நாலு டயரும் பூட்டி, காரு நேரா போய் சுவத்துல இடிச்சுது.

"அத்தான் நேரா குலசேகரத்துக்கு போறாரு," அஜின் சொன்னான். ரூம்பு சிரிச்சுது.

அடுத்த தடவ பயந்து மெதுவா மிதிச்சான், பின்பக்கம் வெட்டி காரு திரும்பி நிண்ணுது. "மாப்பிள்ளைக்கு எங்க வீட்ட விட்டுப் போவ மனசில்ல"ன்னு ஒரு மாமா சொன்னாரு. திரும்பவும் சிரிப்பு. பொறவு பெபின் உக்காந்தான். அவனுக்க செட்டிங் தனியா சேமிச்சு வச்சிருந்தான், ரப்பர் இல்லாம காலையில முழுக்க ஓட்டி காலையும் பழக்கியிருந்தான். அழகா ஒரு சுத்து சுத்தி வந்தான். எல்லாரும் கையத் தட்டினாவ. ஷாஜனும் தட்டினான். போட்டோக்காரனுக்க தோள அமத்தினப்போ இருந்த அதே சிரிப்பு அவனுக்க வாயில இருந்துச்சு. அத அந்த ரூம்புல கண்டவ நான் ஒருத்தி தான்.

"இன்னொரு தடவ பாப்போமா மச்சான்," அவன் சொன்னான்.

அம்மா சாயாவும் முந்திரிக்கொத்தும் எடுத்து வச்சு எல்லாரையும் கீழ விளிச்சா. நான் மட்டும் மாடியில நிண்ணேன். கட்டிலுக்கு அடியில கிடந்த ரப்பரத் தேடி எடுத்து பெடலுக்கடியில பழையபடி திணிச்சேன். பலத்தக் கொறச்சேன், பங்க முன்ன தள்ளினேன். ஏபிஎஸ்ஸையும் திரும்பப் போட்டேன். இவன் ஒரு தடவ ஜெயிச்சிட்டா போதும், நான் நிம்மதியா நெய்யூருக்குப் போயிருவேன்னு தான் நினைச்சேன். ஆண்டவரே, இவன இங்க தோக்க விடாதேன்னு ஜெபமும் பண்ணினேன். கேமுக்கு ஜெபம் பண்ணின ஒரே சி.எஸ்.ஐ. பெண்ணு நானாத்தான் இருப்பேன்.

ஜெபம் கேட்டாச்சு. சாயா குடிச்சிட்டு வந்து உக்காந்தான், மிதிச்சான், காரு சொன்ன இடத்துல சொன்ன மாதிரி நிண்ணு திரும்பிச்சு. தப்பில்லாம ஓட்டுவான், அதயும் சொல்லணும். பெபினுக்க நேரத்த விட கொஞ்சம் முன்னால வந்துட்டான். ரூம்பு கையத் தட்டிச்சு. அவன் என்னத் திரும்பிப் பாத்து நெசமாவே சிரிச்சான். எனக்கு அப்ப தான் மூச்சு வந்துச்சு.

பெபின் குனிஞ்சு பெடலுக்கடியில கைய விட்டான். "எக்கா, ரப்பர நீயா வச்ச?"

நான் டிவியப் பாத்துக்கிட்டு நிண்ணேன்.

அஜின் செட்டிங்க தொறந்து பாத்தான். "எல்லாம் எக்காவுக்க நம்பரு. அத்தான், ஜெயிச்சது நீங்க இல்ல, எக்காவுக்க பிரேக்கு."

சிரிச்ச சிரிப்புல எதிர் வீட்டுக்காரங்களும் எட்டிப் பாத்தாவ. அதோட விட்டிருந்தாலும் போயிருக்கும். எங்கப்பா, எனக்க பொன்னப்பா, பெருமையில நெஞ்ச நிமித்திட்டு சொன்னாரு, "மாப்பிள்ளே, இந்த வீட்டுல வேகம் எனக்க மோளு தான். ஏட்டி, ஒரு சுத்து ஓட்டிக் காட்டு."

"வேண்டாம்பா"ன்னேன். அத்தைமாரு ரெண்டு பேரு சேலையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாவ. ஷாஜனும் சொன்னான், "ஓட்டு சுபி, நானும் பாக்கட்டு."

வேணும்னே தப்பா ஓட்டணும்னு தான் உக்காந்தேன். முத வளைவுல சுவத்துல கொண்டு இடிக்கணும், எல்லாரும் சிரிக்கணும், எந்திக்கணும். அவ்வளவுதான் திட்டம். ஆனா அந்தப் பெடலு எனக்க கால் பட்டு நானே செஞ்சது. வளைவு வந்துச்சு, கால் தானா அமந்துச்சு, தானா இளகிச்சு. ரெண்டாம் வளைவுல எனக்கு ஷாஜன் ஓர்மையில இல்ல. சந்தோசமா இருந்துச்சு, அதான் உண்மை. கல்யாணம் முடிஞ்ச பொறவு முத முதலா சந்தோசமா இருந்துச்சு. முடிச்சிட்டுப் பாத்தா, அவனுக்க நேரம் எங்கயோ கீழ கிடந்துச்சு.

எல்லாரையும் விட பலமா கையத் தட்டினது அவன் தான். "அப்போ எனக்கு பிரேக் சொல்லித்தர ஆளு வீட்டுலயே உண்டு"ன்னான். அப்பா அவனக் கட்டிப்பிடிச்சாரு. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்னு அம்மா கண்ணத் துடைச்சா.

வெயில் இருக்கும்போதே கிளம்பினோம். அப்பா எங்களுக்குக் குடுத்த வெள்ளைக் காரு, பின் சீட்டுல ஒரு குலை செந்துளுவன் வாழை, ஒரு டப்பா அச்சிமுறுக்கு. மேல்புறம் ரோட்டுல ஏறின பொறவு அவன் பேசினான்.

"சுபி, எங்க பிரேக் பிடிக்கணும்னு நீ சொல்லு. எனக்குத் தெரியாதுல்லா."

வெளையாட்டுன்னு நினைச்சு சிரிச்சேன். காரு வேகம் கூடிச்சு. முன்னால வளைவு, வளைவுல ரப்பர் ஷீட்டு ஏத்தின ஒரு லோடு ஆட்டோ. நான் அவனுக்க காலப் பாத்தேன். ரெண்டு காலையும் எடுத்து தரையில பதிச்சு வச்சிருந்தான், பள்ளியில உக்காந்திருக்க மாதிரி.

"பிரேக்"னேன். அவன் அசையல்ல. "பிரேக் பிடிங்க"ன்னேன். அசையல்ல. ஆட்டோவுக்க பின்பலகையில எழுதியிருந்தது எல்லாம் வாசிக்கக் கிட்ட வந்தாச்சு. "பிரேக் பிடிங்க அத்தான்"னு தொண்டை கிழிய விளிச்சேன். அப்ப மிதிச்சான். பெல்ட்டு எனக்க தோள அறுத்துச்சு, பின்னால வாழைக்குலை உருண்டு விழுந்துச்சு.

"அப்படிச் சொல்லணும்," அவன் சொன்னான். "ஆனா கத்தாத. மரியாதையா, பைய சொன்னா போதும்."

நெய்யூர் வரைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு வேகத்தடைக்கும் சொல்ல வச்சான். நான் அழுதேன். ஒரு கையால ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டே மறு கையால டிஸ்யூ எடுத்துத் தந்தான். வீட்டு வாசல்ல எனக்க மாமி சத்தியபாய், கண்ணு ஏன் சிவந்திருக்குன்னு கேட்டா. "வீட்ட விட்டு வந்த சங்கடம்மா"ன்னு சொல்லிட்டு எனக்க பையையும் அவனே தூக்கிட்டு உள்ள போனான்.

அண்ணையிலேருந்து அதுதான் வழக்கம். ஆசுபத்திரிக்குப் போனாலும், ஜவுளிக்கடைக்குப் போனாலும், நான் சொல்லாம அவனுக்க கால் பிரேக்குக்குப் போவாது. காருல வரல்ல, பஸ்ஸுல போறேன்னு சொல்லிப் பாத்தேன். வீட்டுல காரு நிக்கும்போ மருமவ பஸ்ஸுல போனா நாலு பேரு என்ன சொல்லுவாவன்னு மாமி சண்டைக்கு வந்தா. பின் சீட்டுல உக்காந்து பாத்தேன். முன்னாலேருந்து, "சுபி?"ன்னு கேப்பான். அவ்வளவுதான் கேப்பான்.

இதுல சிரிப்பு என்னன்னா, ஊரு அதக் கொண்டாடிச்சு. காருல கூட வந்தவிய, நான் சொல்லுறதும் அவன் பிடிக்கதும் பாத்துட்டு, என்ன ஒரு ஒத்துமைன்னு சொல்லி நடந்தாவ. "இவ சொல்லு இல்லாம எனக்கு வண்டி ஓடாது"ன்னு அவனும் சபைக்கூட்டத்துல எல்லாரும் கேக்க சொல்லுவான். பெண்டுவ என்னப் பாத்து பெருமூச்சு விடுவாளுவ. அவளுவ புருசன்மாரு ஒரு நாளும் அவளுவ சொன்னத கேட்டதில்லையாம்.

பெத்த அம்மாகிட்ட போய் அழுதேன். எல்லாத்தையும் விட்டுப்போவாம சொன்னேன்.

"அடிச்சானா?" அம்மா கேட்டா.

"இல்ல."

"குடிக்கியானா? வேற பெண்ணு உண்டா?"

"இல்லம்மா."

"பொறவு என்ன எளவுக்கு ஏட்டி அழுவுற? புருசன் உனக்க சொல்லு கேக்கியான். எனக்க நேசையன் இத்தனை வருசத்துல ஒரு தடவ கேட்டதில்ல."

பெபின்கிட்டயும் சொன்னேன்.  "அத்தானுக்கு தமாசு கூடுதல்"ன்னான். அவனுக்கு வெளங்கிச்சு, கேட்டியளா, நல்லா வெளங்கிச்சு. ஆனா அத்தான் அவனுக்கு கம்பெனியில வேலைக்குச் சொல்லி வச்சிருந்தான்.

போன மாசம் ஒரு ஞாயிறாச்ச, சபை முடிஞ்சு குளச்சல்ல ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போனோம். மாமி பின் சீட்டுல நடுவுல, வெள்ளைச் சேலை, மடியில பைபிள் பை. பெல்ட்டு போட மாட்டா, மூச்சு முட்டுமாம். நான் முன்னால. இறக்கத்துல காரு போவும்போ கீழ மீன் பெட்டி ஏத்துன டெம்போ ஒண்ணு ரோட்டோரம் பாதி நீட்டிக்கிட்டு நிக்கது தெரிஞ்சுது. எங்க பிடிக்கணும்னு எனக்குத் தெரியும். அது எனக்கு எப்பவும் தெரியும்.

அண்ணைக்கு நான் வாயத் தொறக்கல்ல. கோவம், வேற ஒண்ணுமில்ல. பெத்த தாயப் பின்னால வச்சுக்கிட்டு இவன் என்ன கிழிக்கான்னு பாப்போம்னு இருந்துட்டேன். பிடிக்க வேண்டிய இடம் தாண்டிச்சு. அவன் ரோட்டப் பாக்கல்ல, என்னத்தான் பாத்தான். நானும் அவன விட்டு கண்ண எடுக்கல்ல. காலு ரெண்டும் தரையில தான் இருந்துச்சு. சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா போச்சு. அது போறத ஆசையோட பாத்துட்டு இருந்தேன்.

கடைசியில அவன் தான் மிதிச்சான். டெம்போவ முட்டல்ல, ஒரு சாண் பாக்கி. ஆனா மாமி முன்னால தெறிச்சு வந்து எனக்க சீட்டுக்க பின்னால வாய் போய் இடிச்சா. திரும்பிப் பாத்தா உதடு கிழிஞ்சு, வெள்ளைச் சேலை முழுக்க ரத்தம். ஒரு பல்லு மடியில கிடந்துச்சு.

மாமி அவன ஒண்ணும் கேக்கல்ல. என்னத்தான் பாத்தா.

"ஏன் மக்ளே நீ சொல்லல்ல?"

டெம்போக்காரன் ஓடி வந்து ஷாஜன ஏச வாயத் தொறந்தான். மாமி ரத்தத்தோட கைய நீட்டி அவன நிறுத்தினா. "அவன ஏசாதப்பா. எப்பவும் இவ தான் சொல்லுவா. இண்ணைக்கு சொல்லாம இருந்துட்டா." டெம்போக்காரன் என்ன மேலயும் கீழயும் பாத்தான். சுத்தி நிண்ணவங்களும் பாத்தாவ. விபத்துல தப்பிச்சவளப் பாக்க மாதிரி இல்ல, கொலைகாரியப் பாக்க மாதிரி.

ஷாஜன் பாக்கெட்டுலேருந்து கைலேஞ்ச எடுத்து மடிச்சு அம்மாவுக்க வாயில பைய ஒத்தினான். "விடுங்கம்மா. ஒரு தடவ தப்பிப்போச்சு. இனி சொல்லுவா."

ஆசுபத்திரிக்கு காரத் திருப்பினான். மெதுவா போவான்னு நினைச்சேன். போவல்ல. மாமி அந்தக் கைலேஞ்ச வாயில அமத்திக்கிட்டு முன்னால சாஞ்சு ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தா. முத வளைவு வந்துச்சு. அவ ரத்தக் கையால எனக்க தோளத் தட்டினா.

"சொல்லு மக்ளே. சொல்லு."

"பிரேக் பிடிங்க அத்தான்"னு நான் பைய சொன்னேன். அவன் பிடிச்சான்.